‘பிளிசார்டு’: ஒரு சொல்லின் வரலாறு

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டினுக்குப் பனியின் பெயரையே இட்டு முன்பனி என்றும் பின்பனி என்றும் வழங்கினர். காற்றினையும் அது வரும் திசை நோக்கித் தென்றல், வாடை, கொண்டல், கோடை என நால்வகைப்படுத்தினர். வடக்கிருந்து வரும் குளிர்காற்றின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் நெடுநல்வாடை, பத்துப்பாட்டுள் ஒன்றாக விளங்குவதை நாம் அறிவோம். எனினும் தமிழ்நிலத்தார் அன்றாடம் கண்ட பனி, பெரும்பாலும் இலை நுனியில் துளியாய் நின்று, ஞாயிறு எழுந்ததும் மறைந்துவிடும் பனியே ஆகும். வாயிலை மூடி, வழியை மறைத்து, வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையே நடப்பவனைக் கொன்றுவிடும் பனி ஒன்று உண்டு என்பது அவர்தம் வாழ்வனுபவத்திற்குப் புறம்பானது.

அத்தகைய பனியைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘பிளிசார்டு’ என்னும் சொல் வழங்குகிறது. நம் நாளிதழ்கள் அதனைப் ‘பனிப்புயல்’ என மொழிபெயர்க்கின்றன. நாமும் அவ்வாறே படித்துவிட்டு, பனி மிகுதியாகப் பெய்தது போலும் என எண்ணி அடுத்த செய்திக்குச் செல்கிறோம். அச்சொல்லின் முழுப்பொருள் அதுவன்று. அகராதியில் ஒரே வரியில் அடங்கிவிடும் அச்சொல், இன்றைய பொருளைப் பெறுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமும் எண்ணற்ற உயிர்களும் விலையாயின. அவ்வரலாற்றினைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடியும் வெடியும்

‘பிளிசார்டு’ தொன்மையான ஆங்கிலச் சொல் அன்று. சேக்சுபியர் காலத்து இங்கிலாந்து இதனை அறியாது. இது அமெரிக்க மண்ணில் எழுந்த சொல். 1829ஆம் ஆண்டில் வர்ஜீனியாவிலிருந்து வெளிவந்த ஓர் இதழ், அமெரிக்க வழக்குச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டபோது, இச்சொல்லுக்குக் கொடுத்த பொருள் ‘பலத்த அடி’ என்பதே. அங்கே பனியும் இல்லை, காற்றும் இல்லை.

எல்லைப்புற வீரராகவும் அமெரிக்கப் பேரவையின் உறுப்பினராகவும் புகழ்பெற்ற டேவி கிராக்கெட், 1834இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், மான் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதைக் கூறுமிடத்தில் துப்பாக்கி வேட்டைக் குறிக்க இச்சொல்லை ஆண்டுள்ளார். மறு ஆண்டு அவர் பெயரில் வெளிவந்த பயணநூலிலோ, விருந்தொன்றில் எதிராளிக்குக் கொடுக்கும் சூடான மறுமொழியை அதே சொல் குறிக்கிறது. கையால் கொடுப்பது, துப்பாக்கியால் கொடுப்பது, நாவால் கொடுப்பது ஆகிய மூன்றிலும் எதிர்பாராத கடுமையும் விரைவும் பொதுவாக இருப்பதை நாம் உய்த்துணரலாம். மின்னலைக் குறிக்கும் செருமானியச் சொல்லிலிருந்து இது பிறந்தது என்பாரும் உளர். ஒலிக்குறிப்பாகத் தோன்றியது என்பாரும் உளர். இரண்டும் இன்றுவரை உறுதிப்படவில்லை. பிறப்பு எதுவாயினும், வளர்ப்பே இச்சொல்லுக்குப் பெருமை தந்தது.

மரமில்லா வெளியில்

1862இல் அமெரிக்க அரசு குடியேற்ற நிலச் சட்டத்தை இயற்றியது. ஐந்தாண்டு தங்கி உழுது பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாகும் என்பது அச்சட்டம் அளித்த வாய்ப்பு. நார்வேயிலிருந்தும், சுவீடனிலிருந்தும், செருமனியிலிருந்தும், அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களிலிருந்தும் மக்கள் அந்நிலத்தை நாடி வந்தனர். அயோவா, மின்னசோட்டா, நெப்ராஸ்கா, டக்கோட்டா என விரிந்த அப்புல்வெளியில் வீடு கட்ட மரம் அரிது. ஆதலின் புல்வேரோடு கூடிய மண்கட்டிகளை வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினர். வடக்கே கனடாவின் உறைநிலத்திலிருந்து புறப்படும் காற்றைத் தடுக்க, இடையில் மலையும் இல்லை, காடும் இல்லை.

அங்கே அவர்கள் கண்ட குளிர்கால நிகழ்ச்சி, அவர்கள் கொண்டுவந்த சொற்கள் எதனுள்ளும் அடங்கவில்லை. பனிப்பொழிவை அவர்கள் அறிவர், புயற்காற்றையும் அறிவர். மாவு போல் நுண்ணிய பனித்துகள் காற்றில் கிடைமட்டமாகப் பறந்து, கண், மூக்கு, வாய் ஆகியவற்றை அடைத்து, நீட்டிய கையைக்கூடக் காணவொட்டாமல் செய்யும் இந்த வெள்ளை இருளுக்கு அவர்களிடம் பெயர் இல்லை. பெயரில்லாத ஒன்றைக் குறித்து அண்டை வீட்டாரை எச்சரிப்பதும் எளிதன்று.

1870ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் நடுவில் அயோவா மாநிலத்தில் அத்தகைய காற்று ஒன்று வீசியது. எஸ்தர்வில் என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்த ‘நார்தர்ன் விண்டிகேட்டர்’ என்னும் செய்தித்தாள், ஏப்ரல் 23ஆம் நாள் இதழில் அதனைக் குறிக்கப் ‘பிளிசார்டு’ என்னும் சொல்லைக் கையாண்டது. ‘அடி’ என்னும் பொருளுடைய வட்டார வழக்கு, பனிக்காற்றின் பெயராக அச்சேறியது இவ்வாறே. இச்செய்தியை அகழ்ந்தெடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்னும் சொல்லாய்வாளர். பழைய செய்தித்தாள்களைப் புரட்டி ஆராய்ந்து, 1928இல் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ இதழில் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார்.

அதே 1870இல் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. பிப்ரவரி 9ஆம் நாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் கையொப்பமிட்ட தீர்மானத்தின்படி, அமெரிக்காவில் நாடு தழுவிய வானிலை ஆய்வுப்பணி தொடங்கப்பெற்றது. படைத்துறையின் செய்திப்பிரிவிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. நவம்பர் முதல் நாள் 24 நிலையங்களிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்த அளவீடுகள் தந்தி வழியே அனுப்பப்பட்டன. ஓராண்டிலேயே மக்கள் தமக்கென ஒரு சொல்லைக் கண்டனர். அரசு தனக்கென ஓர் அளவுகோலைக் கண்டது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்க நெடுங்காலம் ஆயிற்று என்பதே இவ்வரலாற்றின் துயரம்.

சொல் பரவிய குளிர்காலம்

அயோவாவின் வட்டார வழக்காக இருந்த சொல்லை நாடறியச் செய்தது 1880-81ஆம் ஆண்டுக் குளிர்காலம். அவ்வாண்டு அக்டோபர் நடுவிலேயே முதற்காற்று வீசிவிட்டது. அடுத்தடுத்து வந்த காற்றுகளால் இருப்புப்பாதைகள் பனிக்கடியில் புதைந்தன. தொடர்வண்டிகளை நம்பியிருந்த டக்கோட்டாச் சிற்றூர்கள் மாவும் நிலக்கரியும் இன்றித் திங்கள் கணக்கில் தவித்தன. அவ்வூர்களுள் ஒன்றான டி ஸ்மெட்டில் சிறுமியாக வாழ்ந்த லாரா இங்கல்ஸ் வைல்டர், பின்னாளில் 1940இல் வெளிவந்த ‘தி லாங் வின்ட்டர்’ என்னும் நூலில் அத்துயரைக் கதையாக்கினார். அக்குளிர்காலத்தில்தான் இச்சொல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் பொதுவழக்காயிற்று என ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி குறிப்பிடுகிறது.

1888: சனவரி

சொல் பரவிவிட்டது, ஆயினும் அதன் பொருளை மக்கள் முழுமையாக உணர்ந்துவிட்டனரா? 1888ஆம் ஆண்டு சனவரி 12, வியாழக்கிழமை, அவ்வினாவுக்கு விடையளித்தது.

அன்று காலை புல்வெளியில் இளவெப்பம் நிலவியது. பல நாள் கடுங்குளிருக்குப்பின் வந்த இதமான பொழுது அது. குழந்தைகள் கனத்த மேலாடை இன்றிப் பள்ளிக்குச் சென்றனர். ஆடவர் கால்நடைகளை வெளியே விட்டனர். திடீரென வடமேற்கு வானம் கறுத்தது. சில நிமிடங்களில் ஊர் முழுவதும் வெண்மையில் மறைந்தது. டக்கோட்டாவில் காலையிலும், நெப்ராஸ்காவின் பல பகுதிகளில் பள்ளி விடும் பிற்பகல் வேளையிலும் காற்று தாக்கியது. அன்றிரவு பல இடங்களில் பாரன்ஹீட் அளவில் சுழியத்துக்குக் கீழே 20 பாகை வரையும் அதற்கு மேலும் குளிர் இறங்கியது. இறந்தோர் தொகை 235 எனப் பொதுவாகக் கூறுவர். அதனினும் மிகுதி என மதிப்பிடுவோரும் உளர். அவர்களுள் பள்ளிச் சிறார் பலராதலின், அதற்குப் ‘பள்ளிச் சிறார் பிளிசார்டு’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

நெப்ராஸ்காவில் மின்னி பிரீமன் என்னும் இளம் ஆசிரியை, கூரை பிய்ந்த மண்பள்ளியிலிருந்து தம் மாணவரை அழைத்துக்கொண்டு பண்ணை வீடொன்றை அடைந்து அனைவரையும் காத்தார். நாடெங்கும் அவரைப் போற்றினர். அவரைக் குறித்துப் பாட்டும் இயற்றினர். அதே மாநிலத்தில் பிளெயின்வியூ என்னும் ஊரின் அருகே லோயிஸ் ராய்ஸ் என்னும் மற்றோர் ஆசிரியை, எரிபொருள் தீர்ந்த பள்ளியிலிருந்து மூன்று குழந்தைகளுடன் தாம் தங்கியிருந்த வீட்டை நோக்கிப் புறப்பட்டார். இடைவெளி 200 கஜத்துக்கும் குறைவு. வழி தவறினார். இரவு முழுவதும் வெட்டவெளியில் அக்குழந்தைகளைத் தழுவிக் கிடந்தார். மூன்று குழந்தைகளும் இறந்தனர். அவர் தம் பாதங்களை இழந்து உயிர்பிழைத்தார். துணிவில் இவ்விருவருள் ஒருவர் குறைந்தவர் என்று நாம் சொல்லத் துணியோம். ஒருவர்க்கு வழி அகப்பட்டது, மற்றவர்க்கு அகப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே.

வானிலைத் துறை அன்று உறங்கிக் கிடந்தது என்பதற்கில்லை. மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரிலிருந்த அதன் அலுவலகம், முன்னிரவு கடந்ததும் ‘குளிர் அலை’ வரும் என்றும், பனி காற்றில் அடித்துக் குவியும் என்றும் அறிவித்தது. குளிர் அலைக்கு அடையாளமாக, நடுவே கறுப்புச் சதுரம் பொறித்த வெள்ளைக்கொடி ஒன்றை ஏற்றுவதும் அக்கால வழக்கம். ஆனால் தந்தி எட்டிய ஊர்களுக்கு அப்பால், தனித்தனியே சிதறிக் கிடந்த பண்ணை வீட்டார்க்கு அக்கொடி எங்ஙனம் தெரியும்? தெரிந்திருப்பினும், ‘குளிர் அலை’ என்றால் விறகைக் கூட்டி வைப்பர். பயிரையும் கால்நடையையும் காப்பர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவரோ? அறிவிப்பில் பிழை இல்லை. அது அளந்து சொன்னது குளிரை. மக்களைக் கொன்றதோ, குளிருடன் கூடிய குருட்டுக் காற்று. மக்கள் வழக்கிலும் செய்தித்தாளிலும் அக்காற்றுக்குப் பெயர் ஏற்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியும், அரசின் எச்சரிக்கை முறையில் அதற்கெனத் தனி இடம் இல்லை.

1888: மார்ச்சு

புல்வெளியின் ஏழை உழவர்க்கு நேர்ந்ததைப் பெருநகரத்தார் தொலைவிலிருந்து படித்தனர். இரண்டு திங்களில் அவர்களுக்கும் அது நேர்ந்தது. மார்ச்சு 11, ஞாயிறன்று நியூயார்க்கில் மழை பெய்தது. நள்ளிரவுக்குப் பின் மழை பனியாயிற்று, காற்று எழுந்தது. 14ஆம் நாள் வரை அது ஓயவில்லை. நியூயார்க் நகரில் ஏறத்தாழ 21 அங்குலப் பனி பெய்தது. காற்று அடித்துக் குவித்த இடங்களில் வீடுகளின் மேல்மாடி வரை பனி உயர்ந்தது. உயர்மட்டப் பாதைகளில் தொடர்வண்டிகள் பயணிகளுடன் நின்றன. தந்திக் கம்பிகள் அறுந்தன. கரையோரத்தில் சுமார் 200 கலங்கள் சேதமுற்றன. இறந்தோர் 400 பேருக்கு மேல். அவர்களுள் ஏறக்குறைய 200 பேர் நியூயார்க் நகரத்தார். முன்னாள் மேலவை உறுப்பினர் ராஸ்கோ காங்க்ளிங், நகரின் தென்கோடியிலிருந்து வடக்கு நோக்கி நடந்தே செல்ல முற்பட்டு, யூனியன் சதுக்கத்தின் அருகே சோர்ந்து விழுந்தார்; ஏப்ரல் 18இல் உயிர்நீத்தார்.

இத்துயரின் பயனாக எழுந்த மாற்றங்களும் உண்டு. கம்பங்களின்மேல் காடு போல் அடர்ந்திருந்த கம்பிகளை நிலத்தடியில் புதைக்கும் பணி விரைவு பெற்றது. பாஸ்டனில் 1897இலும், நியூயார்க்கில் 1904இலும் சுரங்க இருப்புப்பாதைகள் இயங்கத் தொடங்கியமைக்குரிய காரணங்களுள் இப்பனிக்காற்றும் ஒன்று என்பர். வானிலைப் பணி 1891இல் படைத்துறையிலிருந்து வேளாண் துறைக்கு மாற்றப்பட்டது. அதே 1891ஆம் ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் தென்மேற்கில் கார்ன்வால், டெவன் பகுதிகளைக் கொடும் பனிக்காற்று தாக்கியது. அந்நிகழ்ச்சியைத் தொகுத்து அங்கே உடனே வெளியான நூலின் தலைப்பிலேயே ‘பிளிசார்டு’ இடம்பெற்றது. கடல் கடந்து சென்ற மொழி, தான் ஈன்ற புதுச்சொல்லைத் தாய்நாட்டிற்கே திருப்பி அளித்தது எனலாம்.

பெய்யாத பனி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் தென்துருவம் வரை பயணம் செய்தது. 1912 மார்ச்சில், துருவத்திலிருந்து திரும்பிய காப்டன் ஸ்காட்டும் அவர்தம் தோழர் இருவரும் இத்தகைய காற்றால் கூடாரத்துள் அடைபட்டு மடிந்தனர். உணவுக் கிடங்கு அவர்களுக்கு 11 மைல் தொலைவில் இருந்தது. ஆத்திரேலிய ஆய்வாளர் டக்ளஸ் மாசன், தாம் தங்கிய டெனிசன் முனையின் ஓயாத காற்றை நினைந்து, 1915இல் வெளியிட்ட தம் நூலுக்குப் ‘பிளிசார்டின் இல்லம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

இங்கே நாம் கருதற்குரிய செய்தி ஒன்று உண்டு. தென்துருவக் கண்டத்தின் உட்பகுதி, பொழிவின் அளவை நோக்கினால் பாலைவனத்திற்கு ஒப்பானது. ஆண்டு முழுவதும் அங்கே புதிதாகப் பெய்யும் பனி மிகச் சிறிதே. அவ்வாறாயின் பிளிசார்டு எவ்வாறு நேர்கிறது? முன்பே தரையில் கிடக்கும் பனித்துகளைக் காற்று வாரி எடுத்து வீசுகிறது. வானம் தெளிந்திருக்கும்போதே தரையில் நிற்பவன் தன் கால்களைக் காண மாட்டாமல் திகைக்கிறான். அமெரிக்கப் புல்வெளியிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. எனவே பிளிசார்டுக்குப் பனிப்பொழிவு இன்றியமையாதது அன்று. இதனை உணராத வரை அச்சொல்லை நாம் பாதியே உணர்ந்தவராவோம்.

இன்று அமெரிக்க வானிலைத் துறை வகுத்துள்ள இலக்கணம் மூன்று உறுப்புகளை உடையது. மணிக்கு 35 மைல் அல்லது அதற்கு மேற்பட்ட வேகமுள்ள காற்று. பெய்யும் பனியாலோ பறக்கும் பனியாலோ கால் மைலுக்குக் குறைந்த பார்வைத் தொலைவு. இவை குறைந்தது மூன்று மணி நேரம் நீடித்தல். கனடா நாட்டார் 40 கிலோமீட்டர் காற்று, 400 மீட்டர் பார்வை, நான்கு மணி நேரம் எனக் கொள்வர். அமெரிக்க இலக்கணத்தில் முன்னர் வெப்பநிலைக்கும் ஓர் எல்லை இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. எத்தனை அங்குலம் பனி பெய்ய வேண்டும் என்னும் விதியும் இல்லை. குளிரின் அளவும் பனியின் அளவும் அன்றி, காற்றும் கண்மறைவும் கால நீட்சியுமே இலக்கணமாயின. கால் மைல் என்பது 440 கஜம். லோயிஸ் ராய்ஸ் கடக்க இயலாமற்போன தொலைவோ அதனில் பாதியும் இல்லை. அதனை நினைப்போர்க்கு இவ்வெண்கள் வறண்ட எண்களாகத் தோன்றா.

நம் கடலும் நம் சொல்லும்

இவையெல்லாம் எங்கோ நிகழ்பவை என நாம் அமைதல் கூடுமோ? 2014 அக்டோபர் 12இல் வங்கக் கடலில் உருவான ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தின் அருகே கரையைக் கடந்தது. அதன் எச்சம் வடமேற்கு நோக்கி நகர்ந்து, 14ஆம் நாள் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பகுதியில் கடும் பனிக்காற்றாகவும் பனிச்சரிவாகவும் மாறியது. 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் மலைநடையர், வழிகாட்டிகள் என 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடற்கரையில் இலட்சக்கணக்கானோர் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றப்பட்டனர். மலைப்பாதையில் இருந்தோர்க்கோ எச்சரிக்கை போதிய அளவு எட்டவில்லை. கடற்கரைக்குப் புயலாகத் தெரிந்தது, மலைக்கு என்னவாகத் தெரியும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. 1888இன் புல்வெளியை இது நமக்கு நினைவூட்டுகிறது.

இனி ‘பனிப்புயல்’ என்னும் மொழிபெயர்ப்பை நோக்குவோம். ‘புயல்’ என்பது பண்டைத் தமிழில் மேகத்தையும் மழையையும் குறித்த சொல். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில், உழவனுக்கு வருவாயாக நிற்கும் மழையைக் குறித்தே இச்சொல் ஆளப்பட்டுள்ளது. வாழ்வளித்த மழையின் பெயர், அழிவு செய்யும் காற்றின் பெயராகக் காலப்போக்கில் மாறிற்று. ‘பனி’ என்பதும் துளியை மட்டும் உணர்த்துவதன்று. ‘பனித்தல்’ எனின் நடுங்குதல் என்பதும் பொருள். ‘அடி’ என்னும் பொருளிலிருந்து ‘பிளிசார்டு’ நகர்ந்தது போலவே, நம் சொற்களும் மக்கள் பட்ட அனுபவத்தின் வழியே நகர்ந்துள்ளன. ஆதலின் ‘பனிப்புயல்’ தகுதியற்ற பெயர்ப்பு என நாம் கூறோம். நடுக்கமும் காற்றும் அதனுள் உறைகின்றன. கண்ணை மறைக்கும் கொடுமை ஒன்றே அதனுள் வெளிப்படவில்லை.

அக்குறையை நிறைவு செய்ய வேண்டியவர் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் ஆவர். பனிப்புயல் வீசியது என எழுதும்போது, எத்தனை அங்குலம் பனி பெய்தது என்பதோடு நில்லாமல், காற்றின் வேகம் என்ன, கண்ணுக்கு எட்டிய தொலைவு எவ்வளவு, எத்தனை மணி நேரம் நீடித்தது என்பனவற்றையும் சேர்த்து எழுதுவாராயின், அச்சொல் தமிழிலும் தன் முழுப்பொருளைப் பெறும். வடபுலத்தில் வாழும் நம்மவர் பலர் இன்று விடுமுறை தோறும் இமயத்தின் பாதைகளை நாடிச் செல்கின்றனர். வானம் தெளிந்த காலைப்பொழுதில், கனத்த ஆடையை விடுதியிலேயே விட்டுப் புறப்படும் ஒருவர், பனிப்புயல் என்பது பெய்யும் பனியன்று, வழியை மறைக்கும் காற்று என்பதனை அறிந்திருப்பாராயின், திரும்பிச் சென்று அவ்வாடையை எடுத்துக்கொள்வார். வழிகாட்டி ‘இன்று வேண்டாம்’ என்றால் மறுக்காமல் தங்கிவிடுவார்.